அமெரிக்க உள்நாட்டுப் போர்: திரும்ப முடியாத இடம் எந்த ஆண்டு?

கரிசல்காடு:
நண்பர்களே, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எங்கே படித்தாலும் கதை லிங்கனிடம்தான் தொடங்குகிறது. 1860 தேர்தல், தென் மாநிலங்கள் பிரிந்தன, 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது பீரங்கி, அப்புறம் போர். ஆனால் நூறு ஆண்டுகள் பின்னால் போய்ப் பார்த்தால் 13 காலனிகளிலும் அடிமைகள் இருந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் இருந்தார்கள், பாஸ்டனில் இருந்தார்கள். ஒரே அரசருக்குக் கீழே, ஒரே சட்ட மரபில் வாழ்ந்த மக்களில் ஒரு பாதி அடிமைமுறையைக் கைவிட்டதும், மறு பாதி அதற்காக உயிரையும் விடத் துணிந்ததும் எப்படி? போரைத் தவிர்க்க முடியாது என்ற நிலை எந்த ஆண்டில் வந்தது? ஆளுக்கு ஒரு ஆண்டைச் சொல்லுங்கள், காரணத்தோடு.

என் ஆண்டு 1793. ஜார்ஜியாவில் ஒரு தோட்ட வீட்டில் தங்கியிருந்த எலி விட்னி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னை உருவாக்கிய ஆண்டு. கடலோரத் தீவுகளில் மட்டும் விளைந்த நீள இழைப் பருத்தியில் கொட்டை எளிதாகக் கழன்றுவிடும். உள்நாட்டில் எங்கும் விளையக்கூடிய குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே பெரிது. கையால் சுற்றும் சின்ன ஜின் அதையே நாளுக்கு 50 பவுண்டாக ஆக்கியது. அதற்கு முன் வர்ஜீனியாவில் புகையிலை மண்ணைச் சாரமில்லாமல் ஆக்கிவிட்டிருந்தது, அடிமைமுறை மெல்லத் தானாகவே ஒழியும் என்று பலரும் நம்பினார்கள். 1790 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். 1860-ல் 39.5 லட்சம். பருத்தி ஆண்டுக்குச் சில ஆயிரம் பேல் (பொதி) என்பதிலிருந்து 40 லட்சம் பேலைத் தாண்டியது. இவ்வளவு பணம் புரளும் ஒன்றை யாரும் பேசிப் பேசியே விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

நூலகவாசி:
நல்ல கேள்வி. ஆனால் 1793 ரொம்பத் தாமதம். இயந்திரம் வந்தபோது அடிமைமுறைக்கான சட்டக் கட்டிடம் முழுமையாக எழும்பி நின்றுகொண்டிருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் பருத்தியைக் கூலி ஆட்களோ சிறு விவசாயிகளோ விளைவித்திருப்பார்கள்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1607-ல் ஜேம்ஸ்டவுன். முதல் சில ஆண்டுகள் பசியும் நோயும்தான். ஜான் ரால்ஃப் புகையிலை பயிரிட்டு வெற்றி கண்ட பிறகே காலனி தலைதூக்கியது. புகையிலைக்கு ஆள் வேண்டும். இங்கிலாந்தின் ஏழைகள் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நாலு முதல் ஏழு ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதி வந்தார்கள். 1619 ஆகஸ்டில் பாயின்ட் கம்ஃபர்ட்டில் ஒரு ஆங்கிலக் கப்பல், போர்த்துக்கீசியக் கப்பலிலிருந்து பறித்துக்கொண்டு வந்த இருபது சொச்சம் அங்கோலா மக்களை உணவுப் பொருளுக்கு விற்றது. அந்த முதல் தலைமுறையில் எல்லாமே இறுகிவிடவில்லை. ஆன்டனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று 1651-ல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்.

இறுகுவது பிறகு படிப்படியாக நடந்தது. 1640-ல் மூன்று வேலையாட்கள் சேர்ந்து ஓடிப் பிடிபட்டார்கள். இரண்டு வெள்ளையருக்குக் கூடுதலாக நாலு ஆண்டு வேலை, ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு ஆயுள் முழுக்க. ஒரே குற்றம்தான். 1662-ல் வந்த சட்டம்தான் என் தேர்வு: பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும். ஆங்கில மரபில் எல்லாமே தகப்பன் வழி. இங்கே மட்டும் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அடிமைப் பெண்ணிடம் எஜமானன் பெற்ற குழந்தையும் எஜமானனின் சொத்தாகவே பிறக்கும். 1667-ல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது என்றார்கள். 1676-ல் பேக்கனின் கலகம். ஏழை வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக ஆயுதம் எடுத்தார்கள், ஜேம்ஸ்டவுன் எரிந்தது. (அந்தக் கலகமே பூர்வகுடிகளைத் தாக்குவதில் தொடங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அதன் பிறகு நிலக்கிழார்கள் ஒப்பந்த ஆட்களை விட்டு அடிமைகள் பக்கம் இன்னும் வேகமாகச் சாய்ந்தார்கள். கலகம் மட்டுமே காரணம் அல்ல, இங்கிலாந்திலிருந்து வரும் ஆட்களும் குறைந்தார்கள், 1698-ல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் அடிமை வியாபார ஏகபோகமும் போனது. 1705-ல் எல்லாச் சட்டங்களையும் ஒரே தொகுப்பாக்கி முடித்துவிட்டார்கள்.

அதனால் என் பதில் 1662. கருப்பையிலேயே அடிமை என்று எழுதிய ஆண்டு.

தெற்குவாசல்:
இருவருமே அடிமைமுறைதான் போருக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் அதை அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன். வடக்கும் தெற்கும் இரண்டு வேறு பொருளாதாரங்கள். தெற்கு பருத்தியை ஏற்றுமதி செய்து ஆலைப் பொருட்களை இறக்குமதி செய்தது. வடக்கு தன் ஆலைகளைக் காப்பாற்ற இறக்குமதி வரி கேட்டது. 1828-ல் வந்த வரியை ‘அருவருப்பான வரி’ என்றே தெற்கில் அழைத்தார்கள். 1832 நவம்பரில் தெற்கு கரோலினா, அந்த வரி எங்கள் மண்ணில் செல்லாது என்று தீர்மானம் போட்டது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படையை அனுப்புவேன் என்றார். அடுத்த மார்ச்சில் வரியைக் குறைத்து ஒரு சமரசம். போருக்கான ஒத்திகை அங்கே நடந்துவிட்டது, அடிமை விவகாரம் இல்லாமலேயே. மாநிலம் பெரிதா மத்திய அரசு பெரிதா என்பதே கேள்வி. என் ஆண்டு 1832.

இன்னொன்று, பிரிந்துபோன 11 மாநிலங்களில் அடிமை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் எதற்காகப் போய்ச் செத்தார்கள்?

பாலாற்றங்கரை:
தெற்குவாசல், உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது, அதற்கு வருகிறேன். முதலில் வரி.

1832 நெருக்கடியின் மூளை தெற்கு கரோலினாவின் அரசியல் தலைவர் ஜான் கால்ஹூன். அவரே 1830-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வரி ஒரு சந்தர்ப்பம் மட்டுமே, உண்மையான காரணம் அது அல்ல, தென் மாநிலங்களின் தனித்த உள்நாட்டு ஏற்பாடும் (அதாவது அடிமைமுறை) அதை ஒட்டி அமைந்த தொழிலும்தான் என்ற பொருளில் எழுதினார். எதிர்ப்பக்கம் இருந்த ஜாக்சனும் 1833-ல் ஒரு கடிதத்தில், இந்த முறை வரி சாக்கு, அடுத்த சாக்கு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று எழுதினார். இரண்டு எதிரிகள் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்றால் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

அப்புறம் காலவரிசை. 1857-ல் வந்த இறக்குமதி வரி மிகக் குறைவு, தென்னகத்தார் ஆதரித்து வாக்களித்த வரி. அது அமலில் இருக்கும்போதுதான் பிரிந்தார்கள். வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச்சில் நிறைவேறியது; ஏழு மாநிலங்கள் வெளியேறி, அவற்றின் செனட்டர்களில் பெரும்பாலோர் இருக்கைகளைக் காலி செய்த பிறகு. அவர்கள் உட்கார்ந்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம்.

அவர்கள் எழுதியதையே படியுங்கள். 1860 டிசம்பர் 20-ல் பிரிந்த தெற்கு கரோலினா நாலு நாளில் காரண அறிக்கை வெளியிட்டது. அதில் வரி என்ற பேச்சே இல்லை. ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பதுதான் பெரும் புகார். நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துச் செல்லக்கூட விடவில்லை என்றும் ஒரு வரி வருகிறது. நன்றாகக் கவனியுங்கள், நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தை நடத்துவதுதானே மாநில உரிமை? அதைத்தான் குற்றம் என்கிறார்கள். மிசிசிப்பி இன்னும் நேரடி: எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பின்னிப் பிணைந்தது, அது உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. புதிய கூட்டமைப்புக்கு அவர்கள் எழுதிய அரசியல் சாசனம், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் தங்கள் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது என்று தடுத்தது. மாநில உரிமை கேட்டுப் பிரிந்தவர்கள் தங்களுக்குள் விட்டுக்கொடுக்கவே முடியாததாக எழுதி வைத்தது இதைத்தான்.

அடிமை இல்லாதவர்கள் ஏன் போனார்கள்? சொத்து இல்லாதவனும் அடுத்த ஆண்டு ஒரு ஆளை வாங்கலாம் என்று கனவு காண்கிறான், அண்ணனிடமோ மாமனாரிடமோ இருக்கிறார்கள், தோட்டக்காரரின் ஜின்னில்தான் தன் பருத்தியைக் கொட்டை நீக்குகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது என்ற நிலை. அதைக் காப்பாற்றத்தான். மிசிசிப்பியில் மட்டும் பார்த்தால் வெள்ளைக் குடும்பங்களில் கிட்டத்தட்டப் பாதியிடம் அடிமைகள் இருந்தார்கள். அது சின்னக் கூட்டம் அல்ல.

தெற்குவாசல்:
ஆவணங்களை மறுக்கவில்லை. ஆனால் வடக்கை நியாயவானாக நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். ரோட் ஐலண்டின் நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுகங்களிலிருந்து ரம் ஏற்றிப் போன கப்பல்கள்தான் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிவந்தன. வடக்கே லோவல் நகரின் ஆலைகள் நெய்தது யார் பறித்த பஞ்சு? தோட்டக்காரர்களுக்குக் கடன் தந்தது, காப்பீடு செய்தது, கப்பல் அனுப்பியது எல்லாம் நியூயார்க். 1861 ஜனவரியில் நியூயார்க் மேயர் ஃபெர்னாண்டோ வுட், நகரமே தனியாகப் பிரிந்து சுதந்திர நகரம் ஆகலாம் என்று யோசனை சொன்னார், பருத்தி வியாபாரம் போய்விடக் கூடாது என்று. லிங்கனின் இல்லினாய் 1853-ல் வெளியிலிருந்து கறுப்பர்கள் வந்து குடியேறவே கூடாது என்று சட்டம் போட்டது. நியூஜெர்சியில் 1860 கணக்கெடுப்பில்கூட ‘ஆயுள்காலப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் 18 பேர் அடிமையாகவே இருந்தார்கள். இவர்களா மனிதநேயத்துக்காகச் சண்டை போட்டவர்கள்?

பாலாற்றங்கரை:
நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. வடக்கு மனிதநேயத்துக்காகப் போரில் இறங்கியது என்று நான் சொல்லவே இல்லை. தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒரு கேள்வி, வடக்கு ஏன் பிரியவிடாமல் போரிட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் இந்த விவாதம் எங்கேயும் குழம்புகிறது.

ரிச்மண்ட்வாசி:
நான் சில ஆண்டுகளாக வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் வசிக்கிறேன். இங்கே ஷாக்கோ பாட்டம் என்ற பகுதி உண்டு, ஜேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில். இன்று சாப்பாட்டுக் கடைகளும் வாகன நிறுத்தங்களும் நெடுஞ்சாலையும். 1830-களிலிருந்து போர் வரை நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடி நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தை அதுதான். ராபர்ட் லம்ப்கின் என்ற வியாபாரியின் சிறை இருந்த இடத்தை அகழ்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆட்களை விற்கும்வரை அடைத்து வைத்த இடம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. அதைப் பெரிய சீர்திருத்தமாகப் படித்திருப்போம். ஆனால் அதனால் யாருக்கு லாபம்? வர்ஜீனியாவுக்கு. புகையிலை மண் செத்துவிட்டது, ஆட்கள் மிஞ்சினார்கள், அலபாமாவும் மிசிசிப்பியும் லூசியானாவும் ஆள் ஆள் என்று கேட்டன. ஆக மனிதர்களே விற்பனைச் சரக்கு. 1790-க்கும் 1860-க்கும் இடையே ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படி மேல் தெற்கிலிருந்து கீழ்த் தெற்குக்கு விற்கப்பட்டோ எஜமானரோடு இழுத்துச் செல்லப்பட்டோ போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்த நிலப்பரப்புக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்களே சுமார் 4 லட்சம்தான், அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அலெக்சாண்ட்ரியாவில் ஃபிராங்க்ளின் அண்ட் ஆர்ம்ஃபீல்ட் என்ற கம்பெனி 1828-ல் தொடங்கி இதையே பெருந்தொழிலாக நடத்தியது. சிலரைக் கப்பலில் அனுப்பினார்கள், சிலரைச் சங்கிலியில் பிணைத்து வாரக்கணக்கில் நடக்க வைத்தார்கள். தாய் ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில். எழுதும்போதே கை நிற்கிறது.

என் ஆண்டும் 1832 தான், ஆனால் வரிக்காக அல்ல. அதற்கு முந்தைய ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சவுதாம்ப்டன் மாவட்டத்தில் நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் எழுச்சி. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள், பழிவாங்கலில் சம்பந்தமே இல்லாத கறுப்பர்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள். பயந்துபோன வர்ஜீனியா சட்டமன்றம் 1832 ஜனவரியில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கலாமா என்று வெளிப்படையாக விவாதித்தது. முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சனின் பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப் ஒரு திட்டம் வைத்தார், அதிலும் விடுதலையானவர்களை நாட்டைவிட்டே அனுப்பும் யோசனை இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஒழிப்புக்குச் சட்டம் செய்ய வேண்டும் என்ற திருத்தம் 73-க்கு 58 என்று தோற்றது. இவ்வளவு நெருங்கிய கணக்கு. அதன் பிறகு தெற்கின் எந்தச் சட்டமன்றமும் அதை அவ்வளவு தூரம் பேசவில்லை. கறுப்பர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதற்கும் தடைகளை இறுக்கினார்கள். தவிர்க்க முடியாத தீமை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நன்மையே என்று பேசத் தொடங்கினார்கள்.

யாழ்நிலா:
நெருங்கிய கணக்கு என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் ஆண்டு 1784. யாருமே இதை எடுக்கவில்லை.

விடுதலைப் போர் முடிந்ததும் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே இருந்த நிலத்தை எப்படி ஆள்வது என்று காங்கிரஸ் யோசித்தது. ஜெஃபர்சன் எழுதிய திட்டத்தில் ஒரு பிரிவு: 1800-க்குப் பிறகு மேற்கில் அமையும் எந்த மாநிலத்திலும் அடிமைமுறை கூடாது. வடக்கு மட்டுமல்ல, பின்னாளில் அலபாமாவும் மிசிசிப்பியும் ஆன நிலத்துக்கும் சேர்த்து. நிறைவேற ஏழு மாநிலங்களின் வாக்கு வேண்டும். ஆறு கிடைத்தன. நியூஜெர்சியின் பிரதிநிதிகளில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்த அறையிலேயே படுத்துவிட்டதால் அந்த மாநிலத்தின் வாக்கு கணக்கில் வரவில்லை. பிரிவு விழுந்தது. ஜெஃபர்சனின் சொந்த வர்ஜீனியாவே எதிர்த்து வாக்களித்தது. ஒரே ஒரு மனிதரின் குரல் இருந்திருந்தால் இந்தக் கொடுமை புதிய நாட்டில் பரவாமல் தடுத்திருக்கலாம் என்று அவர் பிறகு வருந்தி எழுதினார். அப்படி எழுதியவர் நூற்றுக்கணக்கான மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார் என்பதையும் கூடவே நினைக்க வேண்டும்.

மூன்று ஆண்டு கழித்து 1787-ல் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே மட்டும் தடை வந்தது. ஆற்றின் வடகரை ஒரு உலகம், தென்கரை ஒரு உலகம். கோடு அன்றைக்கே போடப்பட்டுவிட்டது.

கரிசல்காடு:
யாழ்நிலா அக்கா, இது அருமையான செய்தி. ஆனாலும் சந்தேகம்: காகிதத்தில் தடை இருந்தால் பருத்தி கேட்குமா? 1787 தடை இருந்தும் இந்தியானாவிலும் இல்லினாயிலும் நீண்ட கால ஒப்பந்தம் என்ற பெயரில் அடிமைகளை வைத்திருந்தார்களே. ஜார்ஜியா காலனியே தொடக்க ஆண்டுகளில், 1735-ல், அடிமைகளைத் தடை செய்தது. பக்கத்துத் தெற்கு கரோலினாவில் நெல் விளைவித்துப் பணக்காரர் ஆனவர்களைப் பார்த்துப் பார்த்து, 1751-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். மிசிசிப்பிக் கரை மண்ணில் அப்படி ஒரு தடை எத்தனை நாள் நின்றிருக்கும்?

யாழ்நிலா:
ஜார்ஜியா நல்ல எதிர்வாதம்தான். ஆனால் இல்லினாயை முழுதாகச் சொல்லுங்கள். 1824-ல் அடிமைமுறையைச் சட்டமாக்க வழிசெய்யும் மாநாட்டைக் கூட்டலாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் வேண்டாம் என்றார்கள். தடை இருந்ததால், அடிமைகளோடு வர நினைத்தவர்கள் மிசூரிக்குப் போனார்கள், தடையை விரும்பியவர்கள் இல்லினாயில் தங்கினார்கள். ஒரு சட்டம் முழுமையாக அமலாகாவிட்டாலும் யார் வந்து குடியேறுகிறார்கள் என்பதை மாற்றிவிடும். இருபது ஆண்டில் அவர்களே வாக்காளர்கள்.

மலைச்சாரல்:
நானும் மேலே எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வருகிறேன். பருத்தி, ஜின், சட்டம், வாக்கு எல்லாம் வந்தது. அந்த நிலம் யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே?

1830 வரை ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பியின் நல்ல பருத்தி மண்ணில் கணிசமான பகுதி செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா என்ற பூர்வகுடி மக்களிடம் இருந்தது. செரோக்கிகளுக்குச் சொந்த எழுத்து இருந்தது, 1827-ல் எழுதிய அரசியல் சாசனம் இருந்தது, 1828 முதல் பத்திரிகை நடத்தினார்கள். 1830 மே மாதம் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்று நிறைவேறியது. இங்கேதான் அரசியல் சாசனத்தின் ஐந்தில் மூன்று விதி வேலை செய்கிறது. அடிமைகளுக்கு வாக்கு கிடையாது, ஆனால் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணி எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் இடங்கள். அந்தக் கூடுதல் இடங்கள் இல்லாமல் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் இது தேறியிருக்குமா?

1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. ஜார்ஜியா மதிக்கவில்லை, ஜாக்சன் மதிக்க வைக்கவும் இல்லை. தெற்கு கரோலினா மத்திய சட்டத்தை மீறினால் படை, ஜார்ஜியா மீறினால் மௌனம். 1838-ல் சுமார் 16,000 செரோக்கிகளை முகாம்களில் அடைத்து மேற்கே துரத்தினார்கள். முகாமிலும் வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் வசதியானவர்கள் தங்கள் கறுப்பின அடிமைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதும் வரலாறு, அதையும் நான் விழுங்கமாட்டேன். காலியான நிலத்தை அளந்து விற்றார்கள், ரிச்மண்ட்வாசி சொன்ன சங்கிலி வரிசைகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

என் ஆண்டு 1830. நிலம் பறிக்கப்படாமல் பருத்தி ராஜ்ஜியம் இல்லை.

கொங்குப்பருத்தி:
சின்னக் குறுக்கீடு. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போன பஞ்சில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கப் பஞ்சு என்பதால் ஆங்கிலேயருக்கும் பயம் இருந்தது. ஒரே நாட்டை நம்பியிருக்கிறோமே என்று 1840 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரையே சம்பளத்துக்கு இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் பொறுப்பில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். பெரிய வெற்றி இல்லை. போர் தொடங்கி அமெரிக்கப் பஞ்சு நின்றபோது இங்கே விலை ஏறியது. அவ்வளவுதான், நீங்கள் தொடருங்கள்.

நூலகவாசி:
கொங்குப்பருத்தி, சரியான இடத்தில் வந்தது. தெற்கின் தலைவர்கள், பஞ்சு இல்லாமல் இங்கிலாந்து தவித்து நம் பக்கம் வந்தே தீரும் என்று கணக்குப் போட்டதும் அந்த முக்கால் பங்கை நம்பித்தான்.

மிசூரியையும் விட்டுவிட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1819 முடிவில் அடிமை மாநிலங்கள் 11, மற்றவை 11. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகையால் வடக்கு முந்திக்கொண்டே போனது. தெற்கின் பாதுகாப்பு செனட்டில் மட்டும்தான், அங்கே மாநிலத்துக்கு இரண்டு பேர். அதனால் ஒவ்வொரு புதிய மாநிலமும் ஒரு யுத்தம். 1820-ல் அடிமை மாநிலமாக வந்த மிசூரிக்கு ஈடாக அடிமை இல்லாத மெய்ன், 36 டிகிரி 30 நிமிடக் கோட்டுக்கு வடக்கே அடிமை கூடாது என்று ஒப்பந்தம். வயதான ஜெஃபர்சன், நள்ளிரவில் அடித்த தீ மணி போல இருந்தது என்று எழுதினார். மெக்சிகோவோடு போரிட்டு 1848-ல் கலிஃபோர்னியா வரை பிடித்ததும் அந்தக் கணக்கு முழுக்கக் கலைந்தது.

பாலாற்றங்கரை:
என் ஆண்டைச் சொல்லவே இல்லை. 1850.

நீங்கள் எல்லோரும் எஜமானர்கள் என்ன செய்தார்கள், காங்கிரஸ் என்ன செய்தது என்று பேசுகிறீர்கள். நான் ஓடியவர்களைப் பற்றிப் பேசுகிறேன். ஃபிரெடரிக் டக்ளஸ் 1838-ல் மேரிலாந்திலிருந்து தப்பினார். ஹாரியட் டப்மன் 1849-ல் தப்பினார், தப்பியதோடு நிற்காமல் திரும்பத் திரும்ப உள்ளே போய்ப் பலரை வெளியே கொண்டுவந்தார். எண்ணிக்கையில் பார்த்தால் மொத்த அடிமைகளில் மிகச் சிறு பகுதிதான் ஓட முடிந்தது. ஆனால் தப்பிய ஒவ்வொருவரும் வடக்கில் ஒரு ஊரில் போய் நின்று, நான் மனுஷி, நான் மனுஷன் என்று தன் கதையைச் சொன்னார்கள்.

மெக்சிகோவிடம் பிடித்த நிலத்தைப் பற்றிய 1850 சமரசத்தில் தெற்குக்குக் கொடுத்த விலை, ஓடிப்போன அடிமைகள் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் பக்கம் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். சாதாரணக் குடிமகன்கூட பிடிக்க உதவ வேண்டும், மறுத்தால் தண்டனை. அதுவரை அடிமைமுறை எங்கோ தெற்கில் நடக்கிறது என்றிருந்த பாஸ்டன்காரன் தெருவுக்கு அது வந்தது. 1854-ல் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பாஸ்டனிலிருந்து திருப்பி அனுப்ப ராணுவத்தையே தெருவில் நிறுத்த வேண்டியிருந்தது. வடக்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்தச் சட்டத்தை முடக்கும் சட்டங்களைப் போட்டன, அதைத்தான் தெற்கு கரோலினா பத்து ஆண்டு கழித்து முதல் புகாராக வைத்தது.

அதே 1854-ல் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820-ல் போட்ட எல்லைக்கோட்டை அழித்தது, கான்சஸில் ரத்தம் ஓடியது, லிங்கனின் குடியரசுக் கட்சி பிறந்தது. 1856 மே 22-ல் செனட் அவைக்குள்ளேயே, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைத் தெற்கு கரோலினாப் பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடித்துச் சாய்த்தார். 1857-ல், விடுதலை கேட்டு ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்கள் குடிமக்களே அல்ல, மேற்கு நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமும் இல்லை என்று தீர்ப்பளித்தார். 1859-ல், அடிமைகளை எழுப்பிவிட ஆயுதக் கிடங்கைத் தாக்கிய ஜான் பிரவுன். எல்லாமே பத்து ஆண்டுக்குள். ஓடியவர்கள் இல்லாவிட்டால், வடக்கும் தெற்கும் அடுத்த தலைமுறை வரைக்கும்கூடச் சமரசம் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

தெற்குவாசல்:
பாலாற்றங்கரை சொன்ன இரண்டு கேள்விப் பிரிவை ஏற்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் விடமாட்டேன். வர்ஜீனியா மாநாடு 1861 ஏப்ரல் 4-ல் பிரிவினையை நிராகரித்தது. சம்டர் விழுந்து லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்டபிறகு, ஏப்ரல் 17-ல்தான் 88-க்கு 55 என்று பிரிந்தது. லிங்கன் வென்றபோதே அடிமைமுறைக்கு ஆபத்து என்று நினைத்திருந்தால் அப்போதே போயிருக்கலாமே? தங்கள் அண்டை மாநிலத்தின் மீது படையெடுக்கச் சொன்னது பிடிக்காமல்தான் போனார்கள். எல்லா மாநிலத்துக்கும் ஒரே காரணத்தை ஒட்ட முடியாது.

ரிச்மண்ட்வாசி:
தேதிகள் சரிதான் அண்ணா, காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த 55 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பகுதி அலெகெனி மலைக்கு அப்பால் இருந்த வடமேற்கு மாவட்டங்கள். அங்கேயும் அதே படை அழைப்புச் செய்திதான் போய்ச் சேர்ந்தது, அவர்களும் வர்ஜீனியர்கள்தான். ஆனால் அங்கே அடிமைகள் மிகக் குறைவு. புகையிலை மாவட்டங்களின் உறுப்பினர்கள் பிரிவினைக்குக் கை தூக்கினார்கள். அந்த மலை மாவட்டங்கள் ரிச்மண்டோடு போக மறுத்து 1863-ல் மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலமே ஆகிவிட்டன. அண்டை வீட்டின் மீது படையெடுப்பதுதான் பிரச்சினை என்றால் அது எல்லா மாவட்டத்தையும் ஒரே மாதிரி சுட்டிருக்க வேண்டும். 1860 கணக்கெடுப்பை வைத்து மாவட்ட வாரியாக அடிமை விகிதத்துக்கு நிழலிட்ட வரைபடம் ஒன்று 1861-லேயே வெளியானது, இணையத்திலும் கிடைக்கிறது. அதை ஒரு பக்கமும் ஏப்ரல் 17 வாக்குப் பட்டியலை இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம்.